ரேம் மாற்றியபின் மடிக்கணினி முரண்டு பிடித்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மடிக்கணினியில் ரேமைக் கூட்டுவது அரைமணி நேர வேலை. கூட்டியபின் ஏதாவது கோளாறு தலைகாட்டினால், அதன் காரணத்தைத் தேடுவதுதான் அரைநாளை விழுங்கிவிடுகிறது. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் வட்டாரங்களில் ரேமை இணையத்தில் வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொள்வோர் இப்போது பெருகிவிட்டனர். மாட்டியதும் திரை வராவிட்டால் முதலில் புது ரேமைக் குறைசொல்வதும், அடுத்த கணமே மதர்போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டுவதும் வழக்கமாகியிருக்கிறது. இரண்டும் நடக்கக்கூடியவையே. ஆயினும் இப்படிப் பழுதென்று வரும் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில், ரேம் சரியாக உட்காராமல் இருக்கும், அல்லது அதன் தொடுமுனையில் அழுக்கேறியிருக்கும், அல்லது அந்த மாடலுக்கு ஒவ்வாத வகையை வாங்கியிருப்பார்கள். ஆகவே கீழ்வரும் எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதியுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், எது சரிசெய்தது என்பதும் தெரியாது, எது கெடுத்தது என்பதும் தெரியாது.

கையை வைக்குமுன்

விண்டோஸில் வழக்கமாக ‘ஷட் டவுன்’ கொடுத்தால் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியின் காரணமாக இயந்திரம் முழுமையாக அணைவதில்லை. நினைவின் ஒரு பகுதியை வட்டில் எழுதிவைத்துவிட்டே படுக்கிறது. ரேமின் அளவு மாறியபின் அந்தப் பழைய பதிவிலிருந்து எழ முயன்று சில இயந்திரங்கள் தடுமாறும். எனவே ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ‘ஷட் டவுன்’ கொடுங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பேட்டரியானால் வெளியே எடுத்து, உள்ளே பொருத்தப்பட்டதானால் மூடியைத் திறந்தவுடன் அதன் இணைப்பை மதர்போர்டிலிருந்து பிரித்து, பவர் பொத்தானை இருபது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி இணைப்பைப் பிரிக்காமல் ரேமைக் கழற்றுவதுதான் இந்த வேலையில் உண்மையிலேயே ஆபத்தான செயல். திரை அணைந்திருந்தாலும் ரேமைச் செருகும் ஸ்லாட்டில் மின்சாரம் இருக்கக்கூடும்.

நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் நிலைமின்சாரத் தொல்லை குறைவு. ஆனாலும் ஏசி அறையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. மண்ணிணைப்பு உள்ள உலோகப் பொருளொன்றைத் தொட்டுவிட்டு உட்காருங்கள். பாலியஸ்டர் சட்டையையும், முகூர்த்தத்துக்குப் போய்வந்த திருபுவனம் பட்டையும் மாற்றிவிட்டு வருவது நல்லது.

விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது

“அண்ணே, புது ரேம் போட்டதுலேருந்து டிஸ்ப்ளேவே வரலை” என்று தொலைபேசியில் சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்பதைத்தான். புது ரேமைக் கண்டதும் இயந்திரம் அதனோடு எந்த வேகத்தில், எந்த நேர இடைவெளியில் பேசலாம் என்று தானே சோதித்து முடிவு செய்துகொள்கிறது. டிடிஆர்4 என்ற தலைமுறை ரேமில் இது பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். அதற்கடுத்த டிடிஆர்5 தலைமுறையில் சில நிமிடங்கள்கூட ஆகலாம். இந்த இடைவெளியில் திரை கறுப்பாகவே இருக்கும், இயந்திரம் ஓரிரு முறை தானே அணைந்து எழுவதும் உண்டு. பயந்துபோய் நடுவில் பொத்தானை அழுத்தி நிறுத்தினால், அடுத்த முறை அந்தச் சோதனை முதலிலிருந்து தொடங்கும். சார்ஜரைச் செருகிவிட்டுப் பத்து நிமிடம் கைகட்டிக் காத்திருங்கள். எழுந்ததும் நினைவக அளவு மாறியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தால், அது பிழையன்று. தொடரச் சொல்லி விசையை அழுத்தினால் போதும்.

காத்திருந்தும் வராவிட்டால் ரேமைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். மடிக்கணினி ரேமை நேராக அழுத்திச் செருகக் கூடாது. ஏறக்குறைய முப்பது பாகைச் சாய்வில் ஸ்லாட்டுக்குள் இறுதிவரை தள்ளி, பிறகு மேல்விளிம்பைக் கீழே அழுத்த வேண்டும். இரண்டு பக்கமும் உள்ள உலோகக் கவ்விகள் ‘டிக்’ என்று விழ வேண்டும். கவ்வி விழுந்துவிட்டதாலேயே ரேம் உட்கார்ந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். விளக்கு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தால் தங்கநிறத் தொடுமுனைகள் ஏறக்குறைய முழுவதும் ஸ்லாட்டுக்குள் மறைந்திருக்க வேண்டும். இடது ஓரத்தில் ஒரு கோடாகவும் வலது ஓரத்தில் அகலமாகவும் தங்கநிறம் தெரிந்தால், ரேம் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பாதித் தொடுமுனைகள் தொடவே தொடாது.

அடுத்த படி தனித்தனியாகச் சோதிப்பது. இரண்டு ஸ்லாட் உள்ள இயந்திரமானால், பழைய ரேமை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு இயக்குங்கள்; பிறகு அதே ரேமை இரண்டாம் ஸ்லாட்டில். அதன்பின் புதிய ரேமை மட்டும் இதே போல் இரண்டிலும். ஒவ்வொன்றின் முடிவையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும், ஆனால் மூன்றாவது முறைக்குள் குழம்பிவிடும். பழையது இரண்டிலும் எழுந்து புதியது இரண்டிலும் எழாவிட்டால், ரேமின் பழுது அல்லது ஒவ்வாத வகை. எந்த ரேமைப் போட்டாலும் ஒரு குறிப்பிட்ட ஸ்லாட் மட்டும் எழவிடாவிட்டால், அந்த ஸ்லாட்டில் தூசு, துரு அல்லது விட்டுப்போன சாலிடர். பழைய ரேமை அதன் பழைய இடத்தில் வைத்தும் எழாவிட்டால், ரேமை விட்டுவிட்டு மற்ற இணைப்புகளைப் பாருங்கள்: மூடியைத் திறக்கும்போது பேட்டரி இணைப்போ, திரைக்குப் போகும் பட்டைக் கம்பியோ தளர்ந்திருக்கக்கூடும். சில திங்க்பேட் மாடல்களில் அடிப்பக்கம் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ரீசெட் துளை இருக்கும். அதை அழுத்தினாலே எழுந்துவிடுவதும் உண்டு.

இப்போது வகையைப் பற்றி. டிடிஆர்3 மடிக்கணினி ரேமில் 204 முனைகள், டிடிஆர்4 ரேமில் 260, டிடிஆர்5 ரேமில் 262. வெட்டுப்பள்ளம் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருப்பதால் தவறான தலைமுறை உள்ளே நுழையவே நுழையாது; நுழையாததை அழுத்தி நுழைக்க முயல்வது ஸ்லாட்டுக்கு உலை வைப்பதாகும். ஏமாற்றுவது வேறொன்று. டிடிஆர்3 ரேமிலேயே 1.5 வோல்ட்டில் ஓடுவது ஒன்று, 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் மற்றொன்று. இரண்டுக்கும் பள்ளம் ஒரே இடத்தில்தான்; இரண்டும் பிசகாமல் உட்காரும். டிடிஆர்3எல் ரேம் 1.5 வோல்ட்டிலும் ஓடும், ஆனால் குறைந்த வோல்ட் மட்டுமே தரும் இயந்திரத்தில் பழைய 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் திரை கறுப்புதான். இன்டெல் 4ஆம் தலைமுறையிலிருந்து வந்த மெல்லிய மடிக்கணினிகள் பெரும்பாலும் இந்த வகை. ரேமின் ஒட்டுத்தாளில் ‘பிசி3’ என்பதை அடுத்து ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதே 4ஆம் தலைமுறை இயந்திரங்கள் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிக்கு மேல் ஏற்பதில்லை என்பதையும் 16 ஜிபி ஒற்றை ரேம் வாங்குமுன் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் டெல்டா ஊர்களில் இன்னமும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு நிறுவனமும் மாடலும் மாறியதால், ‘கவர்மென்ட் லேப்டாப்புக்கு ரேம்’ என்று பொதுவாகக் கேட்டு வாங்குவது பயன்படாது. இருக்கும் ரேமைக் கழற்றி, அதன் ஒட்டுத்தாளைப் படமெடுத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பீப் ஒலி, அல்லது விட்டுவிட்டுச் சிமிட்டும் விளக்கு

இது கறுப்புத் திரையைவிட நல்ல அறிகுறி, ஏனெனில் இயந்திரமே தன் நோயைச் சொல்கிறது. டெல் மடிக்கணினிகளில் புதிய மாடல்களின் விளக்கு, மஞ்சளில் 2 முறையும் வெள்ளையில் 3 முறையும் சிமிட்டினால் ரேம் கண்டறியப்படவில்லை என்றும், 2, 4 என்றால் ரேம் பழுது என்றும், 2, 5 என்றால் பொருந்தாத ரேம் என்றும் பொருள். எச்பியில் நீளமாக 3, குறுக்கமாக 2 என்பது ரேமைத் தொடங்கி வைப்பதிலேயே பயாஸ் (விண்டோஸுக்கு முன் இயந்திரத்தை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) சிக்கிக்கொண்டதைக் குறிக்கும். மற்ற நிறுவனங்களின் குறியீடுகள் மாடலுக்கு மாடல் வேறுபடுவதால் அந்தந்த மாடலின் கையேட்டைப் பாருங்கள். எண்ணும்போது இரண்டு மூன்று சுற்று தொடர்ந்து எண்ணுங்கள்; கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இயங்குகிறது, ஆனால் ரேம் முழுதாகத் தெரியவில்லை

முதலில் பயாஸில் பாருங்கள். இயந்திரம் எழும்போது எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் விசையை அழுத்தினால் வரும் அந்தத் திரையிலேயே அளவு குறைவாக இருந்தால், பிரச்சினை வன்பொருளில். மேலே சொன்ன தனித்தனிச் சோதனைக்குத் திரும்புங்கள். பயாஸில் முழு அளவு தெரிந்து விண்டோஸில் மட்டும் குறைந்தால், ரேமைத் தொடவே வேண்டாம்.

விண்டோஸில் குறைவதற்குப் பழைய இயந்திரங்களில் முதற்காரணம் 32 பிட் பதிப்பு. 2 ஜிபி இருந்த காலத்தில் இலகுவாக ஓடும் என்று பல கடைகளில் 32 பிட் விண்டோஸைப் போட்டுக்கொடுப்பது வழக்கமாக இருந்தது. அதில் 8 ஜிபி மாட்டினாலும் பயன்படுத்த முடிவது 4 ஜிபிக்குள்தான். பெரும்பாலும் மூன்றேகால் அல்லது மூன்றரை. 32 பிட்டை அப்படியே 64 பிட்டாக மாற்ற வழியில்லை. கோப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். மிகப் பழைய 16 பிட் மென்பொருளை நம்பியிருக்கும் அச்சகங்களும் கணக்கு அலுவலகங்களும் இதில் அவசரப்பட வேண்டாம், ஏனெனில் 64 பிட் விண்டோஸில் அவை ஓடாது. அப்படிப்பட்டவர்களுக்கு ரேம் வாங்கும் செலவே வீண் என்பது என் கருத்து.

64 பிட்டாக இருந்தும் குறைந்தால், டாஸ்க் மேனேஜரில் ‘மெமரி’ பக்கத்தைத் திறந்து ‘ஹார்டுவேர் ரிசர்வ்டு’ என்ற எண்ணைப் பாருங்கள். 16 ஜிபியில் 15.8 தெரிவது இயல்பு. ஏஎம்டி ரைசன் இயந்திரங்களில் 13.9 என்று தெரிந்தாலும் பெரும்பாலும் இயல்பே. தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாததால் 2 ஜிபியைத் திரைக்கென ஒதுக்கிவைத்திருக்கும், சில மாடல்களில் அதை பயாஸில் குறைத்துக்கொள்ளலாம். பாதிக்குப் பாதி காணாமற்போயிருந்தால், விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி ‘எம்எஸ்கான்ஃபிக்’ கருவியைத் திறந்து, பூட் பகுதியின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘மேக்ஸிமம் மெமரி’ என்ற கட்டத்தில் குறியிருந்தால் எடுத்துவிடுங்கள். வேகம் கூட்டும் ரகசியம் என்று காணொளிகளில் பரப்பப்படும் இந்தக் குறி எதையும் கூட்டுவதில்லை, ரேமைத்தான் குறைக்கிறது.

போட்ட வேகம் வரவில்லை

3200 என்று அச்சிட்ட ரேம் 2400இல் ஓடுகிறது என்றால் அது பழுதன்று. வெவ்வேறு வேகமுள்ள இரண்டு ரேம்களை மாட்டினால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கே இறங்கும். செயலியின் உச்சவரம்பும் உண்டு. இன்டெல் 8ஆம் தலைமுறையின் சிக்கன வகைச் செயலிகள் டிடிஆர்4 ரேமை 2400க்கு மேல் ஓட்டுவதில்லை. வேக எண்ணைத் துரத்துவதைவிட இரண்டு ஸ்லாட்டிலும் சம அளவு ரேம் இருப்பது, குறிப்பாகத் தனி கிராஃபிக்ஸ் இல்லாத இயந்திரத்தில், கண்கூடாகப் பலன் தரும்.

நீலத்திரை, திடீர் முடக்கம், தானே அணைந்து எழுதல்

இயந்திரம் எழுந்துவிட்டது, அளவும் சரியாகத் தெரிகிறது, ஆனால் டேலியில் கணக்கு ஏற்றும்போதோ, உலாவியில் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்திருக்கும்போதோ நீலத்திரை வருகிறது என்றால், கவலைக்குரிய அறிகுறி இதுதான். கறுப்புத் திரை வேலையை நிறுத்துகிறது. அரைகுறைப் பழுதுள்ள ரேமோ வேலையைத் தொடரவிட்டுக் கோப்புகளைக் கெடுக்கிறது. மன்னார்குடி பக்கத்து அரிசி ஆலைக் கணக்கர் ஒருவரின் இயந்திரத்தில் இரவில் எடுத்த காப்புப்பிரதிகூடத் திறக்கவில்லை. பிழையான ரேம் வழியாகப் போன பிரதி பிழையாகத்தானே வரும். ஆகவே ஐயம் எழுந்த அன்றே புதிய ரேமைக் கழற்றி, பழையதோடு இயக்கி, முக்கியக் கோப்புகளை வெளி வட்டில் எடுத்துவையுங்கள். பரிசோதனை அதற்குப் பின்தான்.

நீலத்திரையில் ‘மெமரி மேனேஜ்மென்ட்’, ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’ போன்ற தலைப்புகள் ரேமைச் சுட்டினாலும், கெட்ட டிரைவர் மென்பொருளும் இதே தலைப்புகளைக் காட்டும். அதனால் தலைப்பை நம்பி ரேமைத் தூக்கியெறியாமல் சோதித்து உறுதிசெய்யுங்கள். விண்டோஸிலேயே உள்ள ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ முதற்கட்டத்துக்குப் போதும். ஆனால் அது பிழையில்லை என்று சொன்னால் முழுதாக நம்ப வேண்டாம். பென்டிரைவில் ஏற்றி இயக்கும் ‘மெம்டெஸ்ட்86+’ என்ற இலவச மென்பொருள் இதைவிடக் கடுமையாகச் சோதிக்கும். அதை இயக்க, பயாஸில் ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பு வசதியைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டிவரலாம். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் வசதி இயங்கும் இயந்திரம் அப்போது மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும் என்பதால், அந்த 48 இலக்க எண் கைவசம் இருக்கிறதா என்று முன்னதாகவே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

16 ஜிபி என்றால் சோதனை பல மணி நேரம் ஓடும். நான்கு சுற்றாவது விடுங்கள். பகலில் பம்புசெட் மோட்டார்கள் ஓடும் கிராமங்களில் வோல்டேஜ் இறங்குவதும், நடுவில் மின்சாரம் போவதும் உண்டு. ஆதலால் கழற்றிய பேட்டரியை மறுபடி இணைத்து, சார்ஜரையும் செருகி, இரவில் சோதனையை ஓடவிடுவது உசிதம். முடிவைப் படிப்பதில் தயவுதாட்சண்யம் வேண்டாம்: ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். பிழை வந்தால் ரேம்களைத் தனித்தனியாகவும் ஸ்லாட் மாற்றியும் மறுபடி சோதியுங்கள். பிழை ரேமோடு கூடவே இடம் மாறினால் ரேம் பழுது; ஸ்லாட்டிலேயே தங்கிவிட்டால் போர்டு பழுது. தனித்தனியாக இரண்டும் தேறி, சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை வந்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி ஜோடியாக வாங்குவதே வழி.

அடைமழைக் காலையில் மட்டும் எழ மறுக்கிறது

ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா முழுவதும் கேட்கும் புகார் இது: காலையில் எழாது, நாலைந்து முறை அழுத்தினால் எழும், சூடேறியபின் ஒழுங்காக ஓடும். தொடுமுனைகளில் படிந்த மெல்லிய ஆக்சைடு படலமும் அதன்மேல் ஏறிய ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை. நாகப்பட்டினம், காரைக்கால், வேதாரண்யம் கரையோரங்களில் உப்புக்காற்றும் கூடுவதால் இது இன்னும் விரைவாக வரும். அங்கிருந்து வரும் ரேமை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், தங்கப் பூச்சின் விளிம்பில் ஊசிமுனை அளவுக்குப் பச்சைப் புள்ளிகள் தெரியும். பூச்சின் நுண்துளை வழியே உள்ளிருக்கும் செம்பு அரித்து வெளிவருவதன் அடையாளம் அது. நெல் ஆலைகளின் அருகிலிருந்து வருபவற்றில் பச்சைக்குப் பதில் ஸ்லாட் நிறையத் தவிட்டுத் தூசு இருக்கும், அதுவும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஸ்லாட்டுக்குள் சிற்றெறும்பு வெள்ளை முட்டைகளோடு குடியிருப்பதும் இங்கே அரிதன்று.

ரேமின் தொடுமுனைகளைப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் மென்மையான வெள்ளை ரப்பரால், நீளவாக்கில் அல்லாமல் விளிம்பை நோக்கி, லேசாகத் தேய்க்கலாம். மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் தங்கப் பூச்சையே எடுத்துவிடும். ரப்பர்த் துகள் ஸ்லாட்டில் விழாதபடி இயந்திரத்திலிருந்து தள்ளி உட்கார்ந்து தேயுங்கள். பிறகு 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, முழுதாக உலரவிடுங்கள். கொரோனாக் காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் சானிடைசரை எடுக்காதீர்கள். அதிலுள்ள கிளிசரின் தொடுமுனையில் படலமாகத் தங்கிவிடும். ஸ்லாட்டின் உள்ளே ரப்பர் கூடாது. மென்மையான பிரஷும் ஆல்கஹாலும் மட்டுமே. வாயால் ஊதுவதை அறவே தவிருங்கள், ஊதும்போது எச்சில் துளியும் சேர்ந்துதான் போகிறது.

ஏசி அறையில் குளிர்ந்த இயந்திரத்தை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்தவுடன் இயக்காமல் அரைமணி நேரம் விட்டுவைப்பதும் இந்த வகைக் கோளாறைக் குறைக்கும். சுத்தம் செய்தபின்னும் காலைத் தொல்லை தொடர்ந்தால் சாலிடர் விரிசலாக இருக்கலாம். அது சிப் அளவில் பழுதுபார்ப்பவரின் வேலை.

ரேம் சரி, வேறொன்று வேலை செய்யவில்லை

வைஃபை போயிற்றென்றால் கறுப்பு, வெள்ளைக் கம்பிகளின் பொத்தான் போன்ற முனை அட்டையிலிருந்து விடுபட்டிருக்கும். கீபோர்டு அல்லது டச்பேட் போயிற்றென்றால் பட்டைக் கம்பியின் பூட்டு சரியாக மூடவில்லை. டச்பேட் அருகே மேல்பக்கம் சிறு புடைப்பு தெரிந்தால், நீளத் திருகைக் குட்டைத் திருகின் துளையில் ஏற்றியிருக்கிறீர்கள், உடனே கழற்றுங்கள். திருகுகளை எடுத்த வரிசையிலேயே ஒரு தாளில் குத்திவைத்தால் இது நேராது.

எல்லாம் சரி, வேகம் மட்டும் கூடவில்லை

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வழக்கமான வேலைகளைச் செய்தபடி ஐந்து நிமிடம் கவனியுங்கள். மெமரி பாதியளவில் நின்று, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், மந்தத்துக்குக் காரணம் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். அந்தச் செலவை எஸ்எஸ்டி வட்டுக்குச் செய்திருக்க வேண்டும். நல்லவேளையாக இரண்டும் ஒன்றுக்கொன்று பகையில்லை, ரேமை வைத்துக்கொண்டே வட்டை மாற்றலாம். மெமரியே 90ஐத் தாண்டி நின்றால் இன்னும் ரேம் தேவை, அல்லது தானே தொடங்கும் மென்பொருள்களைக் குறைக்க வேண்டும். ரேம் போர்டோடு சேர்த்தே சாலிடர் செய்யப்பட்டு, கூடுதல் ஸ்லாட்டும் இல்லாத மெல்லிய மாடல்களிலும், 2012இல் வந்த முதல் ரெட்டினா மேக்புக் ப்ரோ முதலான ஆப்பிள் மெல்லிய மடிக்கணினிகளிலும் இரண்டாவது வழி மட்டுமே உண்டு.

ரேமைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால்

பல ரேம் நிறுவனங்கள் பல ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. ஆனால் ஒட்டுத்தாள் கிழிந்தாலோ, வரிசை எண் அழிந்தாலோ ஏற்பதில்லை. சுத்தம் செய்யும்போது ஆல்கஹால் ஒட்டுத்தாளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பில், மெம்டெஸ்ட் பிழை காட்டிய திரையின் படம், எந்த ஸ்லாட்டில் எந்த ரேம் தேறியது என்று எழுதிவைத்த தாள் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால், கடைக்காரர் “உங்க லேப்டாப்புலதான் கோளாறு சார்” என்று சொல்வதற்கு இடமிருக்காது. தபாலில் அனுப்புவதானால் நிலைமின்சாரத்தைத் தடுக்கும் வெள்ளிநிற உறையில் போட்டு, அதன் மேல் கெட்டி அட்டை வைத்துக் கட்டுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பக் கூடாது.